எடப்புளி நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழக வானொலி: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று, 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. உரிமை பல்கலைக்கழகத்துடையது, ஆனால் மாணவர்களோடு அக்கம்பக்கத்துப் பெண்களும் அதில் பேசினார்கள். கொல்லிமலைக்கும் இந்த ஏற்பாடுதான் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன்: உரிமம் கீழே சமவெளியில் ஒரு பல்கலைக்கழகத்திடம் இருக்கட்டும், குரல் மலைமேல் உள்ள எடப்புளி நாட்டுடையதாக இருக்கட்டும்.

1. உரிமம் யார் பெயரில்?

தனி ஆளுக்கும் கட்சிக்கும் லாப நோக்குள்ள நிறுவனத்துக்கும் கிடைக்காது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த வாய்ப்பு, 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் விரிந்தது. புதிதாகச் சங்கம் பதிந்தால் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். அதைவிட, கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிக் கேட்பது நல்லது.

2. அலை எங்கே போகும்?

ஒலிபரப்பிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் திறன் 100 வாட் வரை. கோபுரம் 30 மீட்டர் வரை. சமவெளியில் சுமார் பத்து கிலோமீட்டர் கேட்கும். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. நடுவில் ஒரு மேடு நின்றால் அந்தப் பக்கத்து ஊருக்குக் கரகரப்புதான் மிஞ்சும். ஆகவே மூடுபனி இல்லாத நாளில், கோபுரம் நிறுத்த நினைக்கும் இடத்தில் நின்று சுற்றிலும் பாருங்கள். எந்தெந்த ஊர்க் கூரை கண்ணில் படுகிறது, எது மறைகிறது என்று எழுதுங்கள். மறையும் ஊர்கள் அதிகமென்றால் இடத்தை மாற்றுங்கள். மின்சாரமும் வண்டிப் பாதையும் அங்கே உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

3. அனுமதிக்கு முன்பே பதிவு

காகிதம் நகரும் மாதங்களை வீணாக்காதீர்கள். கைபேசி போதும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். காற்றடித்தால் மைக்கின் மேல் மெல்லிய துணி சுற்றுங்கள். தகரக் கூரைக்கடியில் மழை நேரத்தில் பதியாதீர்கள், பேச்சு முழுக்க மூழ்கிவிடும்.

எதைப் பதிவது? சாமையும் தினையும் விளைந்த காடுகளில் மரவள்ளி ஏறியிருக்கிறது. கிழங்கு சேகோ ஆலைகளுக்கு இறங்குகிறது. ஆலையில் மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' பார்த்து விலை போடுகிறார்கள். அந்தப் பாயிண்டை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு விவசாயியே கேட்டு வாங்கிச் சொன்னால், அதுவே முதல் நிகழ்ச்சி. சாமை குத்திய பாட்டியிடம் உமி நீக்கும் வேலையைக் கேளுங்கள். உலக்கைச் சத்தத்தையும் சேர்த்துப் பதியுங்கள். மிளகுக் கொடி, காப்பி, பலா என்று பருவம் தோறும் பேச்சு கிடைக்கும். கொல்லிமலைப் பழங்குடியினரான மலையாளி மக்களின் பேச்சு வழக்கைத் திருத்தவே வேண்டாம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்பது விதியும்கூட.

4. விண்ணப்பம்

தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு இணையவழியில் போகும். பிறகு வரிசையாக, பிற அமைச்சகங்களின் ஒப்புதல், அலைவரிசை ஒதுக்கீடு, ஒப்பந்தம், கடைசியாக இயக்க உரிமம்.

5. ஒலிபரப்பில்

சொந்தச் செய்தி வாசிக்க முடியாது. அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர் வானிலை, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர், நோய் எச்சரிக்கை ஆகியவை செய்திக் கணக்கில் வராது, தாராளமாகச் சொல்லலாம். மலைக்கு அன்றாடம் தேவைப்படுவதும் இவைதான். ஒலிபரப்பிய ஒவ்வொன்றையும் மூன்று மாதம் சேமித்து வையுங்கள். அமைச்சகம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.