திறந்திருக்கும் கேட்

தாமலிலிருந்து காஞ்சிபுரத்துப் பள்ளிக்கு வேனில் சென்று வரும் அன்புத் தங்கைக்கு,

2025 ஜூலை 8 அன்று காலை ஏழே முக்கால் மணியளவில், கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையிலுள்ள செம்மங்குப்பத்தில் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியதில் மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். உன் தெருமுனையில் நாள்தோறும் வந்து நிற்கும் வேனைப் போன்றதே அதுவும் என்பதால், அந்த விபத்து நேர்ந்த விதத்தை நீ அறிந்திருக்க வேண்டும்.

சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடும் இடம் லெவல் கிராசிங் எனப்படும். செம்மங்குப்பத்தில் இருந்தது ஆளில்லாத கிராசிங் அன்று. அங்கே கேட்டும் இருந்தது, கேட் கீப்பரும் பணியில் இருந்தார். இல்லாமல் போனது இண்டர்லாக்கிங் என்னும் ஏற்பாடு மட்டுமே. கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் ரயிலுக்குரிய சிக்னல் விழும், ரயில் கடந்து முடியும்வரை கேட்டைத் திறக்க இயலாது என்னும்படி சிக்னலையும் கேட்டையும் ஒன்றோடொன்று பிணைத்துவைப்பதே இண்டர்லாக்கிங். அந்தப் பிணைப்பு இல்லாத கேட்டுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் தொலைபேசியில் ரயில் வரும் செய்தியைச் சொல்ல, கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, தம்மிடமுள்ள அச்சிட்ட தாளிலிருந்து ஓர் எண்ணைப் படித்துச் சொல்வார். ‘பிரைவேட் நம்பர்’ எனப்படும் அந்த எண், கேட் மூடப்பட்டுவிட்டது என்பதற்கான உறுதிமொழி. மூடாமலே ஒருவர் எண்ணைச் சொல்லிவிட்டாலும் சிக்னல் அதைக் கண்டுபிடிக்காது, ரயில் வந்துவிடும். ஆகவே அத்தகைய இடத்தில் திறந்திருக்கும் கேட், ரயில் வரவில்லை என்பதற்குச் சான்றாகாது.

விபத்து நடந்த அன்று, வேன் ஓட்டுநர் கேட்டைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தினார் என்று ரயில்வே முதலில் கூறியது; கேட் திறந்தேதான் கிடந்தது என்று வேனில் வந்தவர்கள் கூறினர். கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைதானார். தனிமனிதர் பிழை தண்டிக்கப்பட வேண்டியதே என்றாலும், ஒருவர் தவறினால் குழந்தைகள் சாக நேரும்படி ஓர் ஏற்பாட்டை விட்டுவைத்தது அதைவிடப் பெரிய பிழை. அந்த இடத்தில் சுரங்கப்பாதை கட்ட ஒப்புதல் இருந்தும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று தெற்கு ரயில்வே அப்போது சொன்னது. விபத்துக்குப் பிறகே எல்லாக் கேட்டுகளிலும் கேமரா பொருத்தவும், இண்டர்லாக்கிங் கட்டாயமாவதற்குரிய போக்குவரத்து வரம்பைக் குறைக்கவும் ரயில்வே அமைச்சர் உத்தரவிட்டார்.

இதற்கு முன்னரும் இதே கதைதான். 2014இல் தெலங்கானாவின் மாசாயிபேட்டையிலும், 2018இல் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரிலும் ஆளில்லா கிராசிங்குகளில் பள்ளி வாகனங்கள் ரயிலில் சிக்கின; குஷிநகரில் மட்டும் 13 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் பணிகள் விரைவுபடுத்தப்பட்டு, 2019 தொடக்கத்திற்குள் அகலப்பாதைகளில் ஆளில்லா கிராசிங்குகளே இல்லாமல் செய்யப்பட்டன. அது உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் ஆளை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்ற நினைப்பும் கூடவே வளர்ந்துவிட்டது.

அரக்கோணம்–செங்கல்பட்டு ரயில்பாதை காஞ்சிபுரம் வழியாகவே செல்கிறது; ஆகவே உன் வேனும் தண்டவாளத்தைக் கடக்க நேரலாம். ஆளில்லா கிராசிங்கில் வாகனத்தை நிறுத்தி, நடத்துநரோ உதவியாளரோ இறங்கிச் சென்று ரயில் வரவில்லை என்று பார்த்த பிறகே, அவர் முன்னே நடந்து வழிகாட்ட வண்டி கடக்க வேண்டும் என்றும், அப்படி ஒருவர் இல்லையெனில் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்றும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 131ஆம் பிரிவில் சொல்கிறது. கேட் உள்ள இடங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆயினும், பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் அங்கேயும் நின்று, பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரு பக்கமும் பார்த்துவிட்டுப் போக அரை நிமிடம் போதும். தாமலிலிருந்து செல்லும் வேன்கள் எந்தெந்தக் கேட்டுகளைக் கடக்கின்றன, அவற்றில் எவற்றுக்கு இண்டர்லாக்கிங் இருக்கிறது என்பதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பள்ளியிடம் கேட்கும்படி அப்பா அம்மாவிடம் சொல்.

அன்புடன்.