கேள்விக்குறியா, கிறுக்கலா?

கேள்வி: சேர்வராயன் மலையில் விளையும் காபியையும் மிளகையும் எங்கள் இணையதளத்தில் நேரடியாக விற்கிறோம். சர்வரை மாற்றியதிலிருந்து தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன; தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று ஏதேதோ வருகிறது. சில இடங்களில் ரூபாய்க் குறிக்குப் பதில் வெறும் கேள்விக்குறி. டேபிள் முழுவதையும் ஒரே கட்டளையில் யுடிஎஃப்-8க்கு மாற்றினால் போதும் என்கிறார் தளம் செய்து தந்தவர். செய்யலாமா?
- வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: வேண்டாம். முழு பேக்கப் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துங்கள். அதுவரை அந்தக் கட்டளையைத் தொடாதீர்கள்.

கிறுக்கல் வேறு, கேள்விக்குறி வேறு. கிறுக்கலுக்குள் பெரும்பாலும் உங்கள் தமிழ் பைட் மாறாமல் உயிரோடு இருக்கிறது. அதைப் படிக்கும் முறைதான் தவறு. கேள்விக்குறி டேட்டாபேஸிலேயே பதிந்துவிட்டால் எழுத்து போய்விட்டது. பேக்கப்பிலோ பழைய பில்லிலோ பார்த்துத் திரும்பத்தான் அடிக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் என்னும் டேட்டாபேஸ் மென்பொருள் 2018இல் 8.0 பதிப்புக்கு வரும்வரை, எதுவும் சொல்லாவிட்டால் டேபிளை லேட்டின்-1 என்றே உருவாக்கியது. அந்த எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் கிடையாது. ஆனாலும் பழைய சர்வரில், போகும்போதும் வரும்போதும் இரு பக்கமும் லேட்டின்-1 என்றே நம்பியதால் பைட்டுகள் சேதமின்றி வந்து சேர்ந்தன. புதிய சர்வர் இணைப்பு யுடிஎஃப்-8. அது ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி மாற்றித் தருகிறது. பாகை குறியும் அரை கிலோவுக்கான பின்னக் குறியும் லேட்டின்-1இல் உண்டு. 2010இல் பிறந்த ரூபாய்க் குறி இல்லை. இடையில் எங்கோ நேர்மையாக லேட்டின்-1க்கு மாற்றியபோது, இடமில்லாத அது கேள்விக்குறியாகியிருக்கிறது.

உங்கள் நிலை எது என்று அளந்தே பார்க்கலாம். ‘ஏற்காடு’ என்று மட்டும் உள்ள ஒரு கட்டத்தை எடுத்து எழுத்து எண்ணிக்கை, பைட் எண்ணிக்கை இரண்டையும் கேளுங்கள். 7 எழுத்து (புள்ளி, கால், உகரக் குறிகளையும் தனித்தனியே எண்ணி), 21 பைட் என்றால் தரவு நலம். இணைப்பின் அமைப்பை மட்டும் திருத்தினால் போதும். இரண்டுமே 21 என்றால் லேட்டின்-1 பெட்டிக்குள் சரியான தமிழ் இருக்கிறது. 21 எழுத்து, 43 பைட் என்றால் யாரோ ஏற்கெனவே ஒரு முறை ‘மாற்றி’ இரட்டைக் குறியாக்கம் ஆகிவிட்டது. இரண்டுமே 7 என்றால் கேள்விக்குறிகள்தான் மிச்சம்.

உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது வகை. டேபிளின் அந்த நெடுவரிசையை முதலில் பைனரியாக்கி, பிறகு யுடிஎஃப்-8எம்பி4 என்று அறிவியுங்கள். நேரே மாற்றினால், அதாவது உங்களுக்குச் சொல்லப்பட்ட அதே கட்டளையைக் கொடுத்தால், மூன்றாவது வகையில் விழுவீர்கள். அதிலிருந்தும் மீளலாம், ஆனால் சர்வர் மாறிய பின் வந்த புதிய ஆர்டர்களில் தமிழ் சரியாகவே பதிவாகியிருந்தால், பழையதைத் திருத்தும் கட்டளை அவற்றைக் கேள்விக்குறியாக்கிவிடும். பல பதிவுகள் இப்படித்தான் அழிகின்றன. பாதித்த வரிகளை மட்டும் பிரித்து, நகலில் ஓட்டிப் பார்த்த பிறகே அசல் மீது கை வையுங்கள். மிளகு தந்த விவசாயியின் பெயர் கணக்கில் ஏழு கேள்விக்குறியாக நிற்பதை நான் அற்பமாக நினைக்கவில்லை.

கேள்வி: பழைய நிலக் கணக்கில் உள்ள மா, காணி, அரைக்கால் குறிகளைப் பதிந்தால் அந்த இடத்தோடு பதிவு வெட்டுப்படுகிறதே?
- வாசகர், சேலம்

பதில்: வழக்கமான தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் போதும். இந்தப் பின்னக் குறிகள் 2019இல் யுனிகோட் 12.0இல் தமிழ்த் துணைத் தொகுதியாக, 51 குறிகளோடு வந்தவை; ஒவ்வொன்றுக்கும் 4 பைட் தேவை. மைஎஸ்கியூஎல் பெயரளவில் ‘யுடிஎஃப்8’ என்று அழைத்துவந்தது 3 பைட்டோடு நின்றுவிடும். டேபிள், நெடுவரிசை, இணைப்பு மூன்றையும் யுடிஎஃப்-8எம்பி4 ஆக்குங்கள். அதன் பிறகும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தரவில் குறையில்லை. அந்தத் தொகுதி உள்ள எழுத்துருவைத் தளத்தில் சேர்க்க வேண்டியதுதான்.