நத்தார் யாருடைய பண்டிகை?

சென்ற மார்கழியில் ஒருநாள் மாலை, வெள்ளவத்தைக் காலி வீதியிலே கடைவாசல்கள்தோறும் வர்ண விளக்குகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், எங்கள் மாடிக் குடியிருப்பின் மேல்வீட்டில் நெடுங்காலமாக வசிப்பவரும் விடியற்காலையில் திருவெம்பாவை ஓதத் தவறாதவருமான மாமி ஒருவர், "இது வெள்ளைக்காரன் விட்டிட்டுப்போன பண்டிகைதானே, தம்பி" என்றார். அவர் சொல்லில் பகைமை சிறிதுமில்லை. பலரும் கொண்டுள்ள அபிப்பிராயத்தைத்தான் அவரும் சொன்னார். அதற்கு உடனே விடை கூற இயலாமல் நின்றது என் குறையே. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றியது 1796ஆம் ஆண்டில். நத்தார் என்னும் சொல்லோ அதற்கு மிகவும் முற்பட்டது. பிறப்பைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து வந்த 'நத்தால்' என்ற போர்த்துக்கேயச் சொல்லே தமிழில் நத்தாராகவும் சிங்களத்தில் நத்தலாகவும் வழங்குகிறது. ஆயின் போர்த்துக்கேயரோடுதான் கிறிஸ்து சமயம் இத்தீவுக்கு வந்தது என்பதும் சரியன்று. 6ஆம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் என்னும் கிரேக்கர், பாரசீகக் கிறிஸ்தவர்களின் சபையொன்று குருவோடும் திருத்தொண்டரோடும் இங்கே இருந்ததைக் குறிப்பிடுகிறார். அநுராதபுர இடிபாடுகளிலிருந்து 1912ஆம் ஆண்டில் கிடைத்த கற்சிலுவையும் பிராசீனமானதே.

எனினும் மாமிக்கு நான் முதலிற் சொல்லியிருக்க வேண்டியது வேறொன்று. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பது மரண தண்டனைக்குரிய குற்றமென்று பிரகடனம் செய்தார்கள். பூசையுமின்றிக் குருவுமின்றி ஒரு தலைமுறைக் காலம் கழிந்தபின், 1687ஆம் ஆண்டில், பிச்சைக்காரனைப் போல் வேடம்பூண்டு வந்து கரையிறங்கியவர் யோசேவ் வாஸ் அடிகளார். அவரும் வெள்ளைக்காரர் அல்லர், கொங்கணி பேசும் கோவா தேசத்தவர். தமிழைக் கற்று, பகலில் ஒளிந்திருந்து, இரவில் வீடுவீடாகச் சென்று அவர் பூசை செய்துவந்தார். 1689ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில், நடுச்சாமப் பூசைக்காகச் சனங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் இரகசியமாகக் கூடியிருந்த சமயத்தில், ஒல்லாந்தச் சிப்பாய்கள் உட்புகுந்து, திருச்சுரூபங்களை உடைத்து, 300 பேர் வரையிலானோரைப் பிடித்துச் சென்றார்கள். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்ட ஆண்கள் சிலர் கொடிய தண்டனைக்கு உள்ளாயினர். ஒருவர் அடிபட்ட காயங்களால் உயிர் துறந்தார். ஆகவே, அன்றிரவு நத்தாரைக் கொண்டாடியவர்கள் தமிழர்கள். கொண்டாடக் கூடாதென்று கதவை உடைத்தவர்களே வெள்ளைக்காரர்கள். அந்த அடிகளாரைத்தான் 2015ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பொங்கலுக்கு முந்தினநாள், காலிமுகத் திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இனி, நம்மவரிடையே வழங்கும் வேறொரு நம்பிக்கை: டிசம்பர் 25ஆந் திகதி வேதாகமத்தில் எழுதப்பட்டுள்ளது என்பது. நான்கு சுவிசேஷங்களிலும் மாதமுமில்லை, திகதியுமில்லை. உரோமாபுரியில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட பஞ்சாங்கமொன்றிலேதான், 336ஆம் ஆண்டளவில் எழுந்ததெனக் கருதப்படும் பட்டியலொன்றின் வாயிலாக, அத்திகதி முதன்முதலாகத் தென்படுகிறது. சூரியன் வடக்கே திரும்பும் நாளையொட்டி அது தெரிவு செய்யப்பட்டது என்பார் ஒரு சாரார். மாதா கருவுற்ற நாளாகக் கொள்ளப்பட்ட மார்ச் 25 முதல் ஒன்பது மாதம் எண்ணிப் பெறப்பட்டது என்பார் மற்றொரு சாரார். அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் சூரியன் திரும்பும் நாள் பஞ்சாங்கத்தில் இடம்பெயரும் என்பதற்குக் கொழும்பிலேயே அத்தாட்சி உண்டு. கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலியாகிய புனித லூசியாவின் திருநாள் டிசம்பர் 13. பழைய யூலியன் பஞ்சாங்கம் சிறுகச் சிறுகப் பிசகிவந்தபடியால், 1582ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முன் ஐரோப்பாவில் ஆண்டின் மிக நீண்ட இரவு ஏறத்தாழ அந்நாளிலே வந்தது. நாமும் தை முதலாந் திகதியை உத்தராயண புண்ணிய காலமென்று கொண்டாடுகிறோம். வானத்திலோ சூரியன் அதற்கு மூன்று வாரத்திற்கு முன்பே, டிசம்பர் 21, 22 அளவில் திரும்பிவிடுகிறான். ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன் அவ்விரண்டும் ஒன்றாயிருந்தன. நாள் நகர்ந்ததனால் பொங்கலை யாரும் பொய்யென்று தள்ளிவிடவில்லையே.

நத்தார் தாத்தாவின் சிவப்பு அங்கி கொக்கா கோலா நிறுவனத்தின் சிருஷ்டி என்பது அண்மையில் பரவிய கதை. அந்நிறுவனத்தின் பிரசித்தமான விளம்பரப் படங்கள் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். தோமஸ் நாஸ்ட் என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர் 19ஆம் நூற்றாண்டிலேயே அவரைச் சிவப்பு உடையில் வரைந்துவிட்டார்.

கேக்கும் ஆங்கிலேயருடையது என்பார்கள். கொட்டாஞ்சேனையில் நான் பிறந்த வீட்டிலே, கார்த்திகை கடைசியில் அம்மா வாசற்படியில் அமர்ந்து கஜுவைக் கத்தியால் ஒவ்வொன்றாகக் குறுக அரிவார். ரவையை இளஞ்சூட்டில் வறுத்துப் பட்டரோடு பிசைந்து வைப்பார். ஏலம், கராம்பு, பன்னீர், பிராந்தி ஆகியவற்றின் வாசனை மூன்று நாள் வீட்டைவிட்டு அகலாது. கோதுமை மாவுக்குப் பதில் ரவையும், வாதுமைக்குப் பதில் கஜுவும் சேரும் அந்தக் கேக் ஆங்கிலேயரது கேக்கின் சாயலுடையதேயாயினும், இந்நாட்டு அடுப்படியிலே உருவானது. நீற்றுப்பூசணியைச் சீனிப்பாகில் ஊறவைத்து அதில் சேர்க்கும் 'புகுல் தோசி'யில் புகுல் சிங்களம். தோசி, இனிப்பைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். பின்பு துண்டுகளாக வெட்டி, எண்ணெய்க் கடதாசியிலும் அதன்மேல் வர்ணக் கடதாசியிலும் சுற்றி, எந்த மதத்து வீடு என்று பாராமல் அயலெல்லாம் அனுப்புவோம். அதைச் சுமந்து செல்வது பிள்ளைகளாகிய எங்கள் வேலை.

குடிலைப்பற்றி ஒரு வார்த்தை. மாடும் கழுதையும் சுவிசேஷத்தில் இல்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கொன்றை வியாக்கியானம் செய்தவர்கள் பிற்காலத்தில் சேர்த்தவை அவை. கிரெச்சோ என்னும் இத்தாலியக் கிராமத்தில் 1223ஆம் ஆண்டில் அசிசி நகரப் பிரான்சிஸ்கு வைக்கோலும் மெய்யான மாடும் கழுதையும் கொண்டு அமைத்த காட்சியே இவ்வழக்கத்தைப் பரவச் செய்தது. மூன்று இராசாக்கள் என்போரையும் மத்தேயு மூவர் என்றோ அரசர் என்றோ சொல்லவில்லை. கீழ்த்திசையிலிருந்து வந்த ஞானிகள் என்றே சொல்கிறார். பொன், தூபம், வெள்ளைப்போளம் எனக் காணிக்கை மூன்றாயிருந்ததால் ஆட்களும் மூவராயினர். அவர்கள் வந்து சேர்ந்ததும் தொழுவத்துக்கன்று, வீட்டுக்கு.

இதை அறிந்த நாள்முதல் எங்கள் வீட்டு இராசாக்களை நத்தாரன்று குடிலில் வைப்பதில்லை. யன்னல் ஓரத்து அலுமாரித் தட்டிலே அவர்களை நிறுத்தி, நாளுக்கொரு சாண் நகர்த்தி, ஜனவரி 6ஆந் திகதி, அவர்களுடைய திருநாளில், பாலன் முன்னே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். 25ஆந் திகதியோடு பண்டிகை முடிந்ததென்று எண்ணி மறுநாளே விளக்கைக் கழற்றுவோர் அறியாத பன்னிரண்டு நாள் அது. இம்முறை அந்த வேலையை ஏற்றுக்கொண்டவள் மேல்வீட்டு மாமியின் பேத்தி. காலைப் பூசை முடிந்து, நெற்றியில் திருநீறு உலருமுன் படியிறங்கி வந்து, ஒட்டகத்தை முதலில் நகர்த்துவதா இராசாவை முதலில் நகர்த்துவதா என்று தினமும் என்னிடம் கேட்டாள்.