காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அதன் இரு வாழிடங்களும்

"வலசைப் பறவைகள் அருகி வருவதற்கான காரணங்களை விளக்குக" என்று வினா வந்தால் மாணவர் பலர் வேட்டையாடல், காடழிப்பு, சூழல் மாசடைதல் என மூன்று சொற்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். "விளக்குக" என்றால் பட்டியல் போதாது. ஓர் உதாரணத்தையாவது நன்கு படித்து வைத்திருங்கள்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் நீளமான சிறு பாடும் பறவை. ஆண் பறவையின் தொண்டையும் மார்பும் செம்மை நிறமானவை. அதன் ஓரத்தில் கருங்கோடு உண்டு. கோடையில் காஷ்மீரிலும் பீர் பஞ்சால் மலைத்தொடரிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒக்டோபரளவில் இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வந்து, மார்ச் மாதம் வரை தங்கும். ஸ்ரீநகர் 34° வட அகலக்கோட்டிலும் நுவரெலியா 7° வட அகலக்கோட்டிலும் உள்ளன. ஓர் அகலக்கோட்டுப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். அப்படியானால் ஒருவழிப் பயணம் எவ்வளவு? கணித்துப் பாருங்கள். ஏறத்தாழ 3000 கிலோமீற்றர் வரும்.

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் இதனை ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. முதன்மைக் காரணம் இலங்கையில் அன்று, காஷ்மீரிலேயே உள்ளது. அங்கு மரத்துக்காகவும் பயிர்ச்செய்கைக்காகவும் கலப்பு இலையுதிர் காடுகள் வெட்டப்படுகின்றன. கால்நடை மேய்ச்சலால் கீழ்மட்டச் செடிகள் அழிகின்றன. இப்பறவை மரப்பொந்தில் கூடு கட்டுவது. பொந்துள்ள முதுமரம் போனால், காடு பச்சையாகத் தெரிந்தாலும் கூட்டுக்கு இடமில்லை.

நமது மலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய காடுகள் துண்டுதுண்டாக உள்ளன. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டும் அங்கு மரங்கள் நின்றபடியே பட்டுப்போவது அவதானிக்கப்பட்டுள்ளது. மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிநாசினியும், பூச்சி உண்ணும் பறவையின் உணவைக் குறைக்கும். ஆனால் தேயிலைத் தோட்டம் முழுவதும் இதற்குப் பகை என்று எழுதிவிடாதீர்கள். தோட்ட ஓரங்களிலும் நுவரெலியா விக்டோரியாப் பூங்காவிலும் இதனைக் காணலாம். நிழல்மரம் இருந்தால் ஓரளவு சமாளிக்கும்.

முக்கிய விடயம் இதுதான்: இலங்கை தன் காடுகள் அனைத்தையும் காத்தாலும், காஷ்மீரில் மரம் விழுந்தால் இங்கு பறவை வராது. எனவேதான் வலசை விலங்குகளுக்காக 1979இல் பொன் நகரில் சர்வதேச சமவாயம் உருவானது. இந்த வரியை எழுதுபவர் விடயத்தை விளங்கியவர் என்பது பரீட்சகருக்குத் தெரிந்துவிடும்.

பருத்தித்துறை தாழ்ந்த கரையோரம். மலைக்குரிய ஈப்பிடிப்பானை இங்கு தேட வேண்டாம். ஆனால் இமயமலை அடிவாரம் முதலிய வடபகுதிகளிலிருந்து இலங்கைக்கு வரும் ஆறுமணிக் குருவி பற்றைகளின் கீழ்ச் சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்பது. இரவில் பறந்து களைத்து வீட்டுக்குள்ளும் விழும், பூனைக்கும் இரையாகும். வளவைத் துப்புரவாக்குகிறோம் என்று சருகு முழுவதையும் கூட்டி எரித்தால் அதற்கு உணவில்லை. காணி நிரப்ப வடலியும் பற்றையும் அழிப்பதும் அப்படியே. நம்மூர் உதாரணத்தை விடையில் தாராளமாகச் சேர்க்கலாம்.

பயிற்சி வினா: வலசைப் பறவை ஒன்றைப் பாதுகாக்க ஒரு நாட்டின் சட்டம் மட்டும் போதாது. இக்கூற்றை ஒரு பறவையின் இரு வாழிடங்களையும் காட்டி விளக்குக.