பிரசவத்திற்கு முன் ஓர் எளிய பயிற்சி

குழந்தை வெளிவரும்போது யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தசை பெரிதும் விரிகிறது. அதனை முன்னரே நீவிப் பழக்கினால், முதற்பிரசவத்தில் தையல் தேவைப்படும் வாய்ப்புக் குறையும். ஆகவே 35ஆம் வாரம் முதல், மருத்துவரின் ஒப்புதலுடன், வாரத்திற்கு ஓரிரு முறை இதனைச் செய்யுமாறு நாங்கள் அறிவுறுத்துகிறோம்.

நகம் வெட்டி, கைகளைக் கழுவி, வாசனையற்ற தாவர எண்ணெய் தடவிய பெருவிரல்களை யோனியினுள் சுமார் 3 செ.மீ. செலுத்தி, கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் 5 நிமிடங்கள் மெல்ல அழுத்தி நீவ வேண்டும். கை எட்டாவிடில் கணவர் உதவலாம். இழுபடும் உணர்வு இயல்பானது, வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

தொற்று இருப்பவர்களும், நஞ்சு கருப்பைவாயை மூடியிருப்பவர்களும் இதனைச் செய்யலாகாது. இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ பனிக்குடம் உடைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். கூச்சத்தால் ஐயங்களை மறைக்க வேண்டா. அடுத்த பரிசோதனையில் எங்களிடம் கேளுங்கள்.