முதன்மையும் தோழமையும்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மாணவனாக வர விரும்புகிறேன். தோழர்களோடு பழகினால் படிப்புக் கெடுமா?
- ஒரு மாணவன், கொடுங்கையூர்

பதில்: தம்பி, உன் இலட்சியத்தைச் சிறிதும் தளர்த்தாதே. ஆயினும், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த தமிழாசிரியர் பதவியினின்று 1880-இல் விலக நேர்ந்தபோது, அதே ஆசிரியரிடம் பிற்காலத்தில் பாடங்கேட்ட இளைஞராகிய உ.வே. சாமிநாதையரையே அவ்விடத்தில் அமர்த்துவிக்க முயன்று வெற்றியும் பெற்றார் என்பதைச் சிந்தித்துப் பார். ஐயரின் புலமை மெய்யானதே. அதனை அறிந்து, பிறரிடம் எடுத்துரைக்க ஒரு சகபாடியின் விசால இருதயமும் வேண்டியிருந்தது. ஆகவே நீயும் பள்ளி விட்டபின் தோழர்களோடு நால்வராக அமர்ந்து, உனக்குத் தெளிந்த கணக்கைப் பிறருக்கு விளக்கு. விளக்குகையில்தான் உன் ஐயங்களும் புலப்படும். விடியற்காலை நேரத்தை மட்டும் எவருக்கும் ஈயாதே.