சிக்கனமாய் வாங்குவோம்

மாணவியராகிய நமக்கு நோட்டும் மைப்பேனாவும் இன்றியமையாதவை. ஒரே வீட்டில் மூவர் படித்தால் ஜூன் மாதச் செலவில் பெற்றோர் திணறுகின்றனர். ஆகவே தரமறிந்து வாங்கக் கற்போம்.

தாள்: கனமான தாளிலும் பசை குறைந்திருந்தால் மை ஊறிப் பரவும். எனவே மைப்பேனாவால் ஒரு வரி எழுதிப் பின்பக்கத்தைப் பார்த்த பின்பே வாங்குவோம்.

கடை: சென்னைப் பாரிமுனையை அடுத்த ஆண்டர்சன் தெரு காகிதக் கடைகளுக்குப் பேர்பெற்றது. பத்துப் பேர் சேர்ந்து டஜன் கணக்கில் கேட்டால் மொத்த விலை பேசலாம்.

மை: குழாயில் அடைத்த மையைவிடப் புட்டி மை மலிவு. படம் வரையும் இந்தியன் இங்க்கைப் பேனாவில் ஊற்றலாகாது. அது உலர்ந்து அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் கழுவினால் பேனா நெடுநாள் உழைக்கும்.

பழைய நோட்டின் எழுதாத தாள்களைத் தைத்தால் ரஃப் நோட்டு தயார். மட்டமானதை வாங்குவது சிக்கனமன்று. நல்லதை வீணாக்காமல் பயன்படுத்துவதே சிக்கனம்.